மிஞ்சியது என் கோப்பு மட்டும்

எனக்குப் பின்னால் நீங்கள் என்னை 'எல்எஸ் மேடம்' என்று சொல்வது எனக்குத் தெரியும். கேன்டீன் வரிசையில் உங்களில் ஒருவர், "சாம்பார்ல காய் இருக்கான்னு மேடம் முதல்ல ls போட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்திப்பாங்க" என்று சொல்லி மற்றவர்கள் சிரித்ததையும் கேட்டிருக்கிறேன். கோபம் வரவில்லை. அது உண்மைதான். 'இந்த இடத்தில் என்ன இருக்கிறது, காட்டு' என்று மெஷினைக் கேட்கும் அந்த இரண்டெழுத்துக் கட்டளையை நான் எதைச் செய்வதற்கு முன்பும் போடுவேன், செய்த பின்பும் போடுவேன். உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று உங்களையும் போட வைத்திருக்கிறேன். அதனால் உங்களுக்கு எத்தனை எரிச்சல் என்பதும் தெரியும்.

போன மாதம் நானாகவே வேலையை விட்டுவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கட்டளைகளைப் பற்றி எழுத நான் தேவையில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. அந்தக் கட்டளைகளைக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன். பதினேழு, பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூர் தொம்மலூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால், ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஏசி போட்டு மெஷின் என்று நாங்கள் சொல்லும் ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர், வெளியே பச்சை எழுத்து டெர்மினல்கள், ஏழு பேர், ஒரு லீடர். நான் ஆம்பூரில் படித்து, கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்தவள். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் நித்யாவுக்கு அப்போது நான்கு வயது. ஐந்தரை அடித்தால் நான் எழுந்துவிடுவேன். குழந்தைகள் காப்பகத்தில் ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஏழு பேரில் முதலில் ஓடுகிறவள் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

யூனிக்ஸ் எங்கள் யாருக்கும் பழக்கமில்லை. லீடரே ஒரு பெரிய நிறுவனத்தின் பழைய மெயின்ஃப்ரேமிலிருந்து வந்தவர். எங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்களைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளச் சொன்னார். நானும் கிரிஜாவும் ஒரே டெர்மினலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கிரிஜா மல்லேஸ்வரத்துப் பெண், வீட்டில் கன்னடம், என்னோடு பேசினால் தமிழும் கன்னடமும் சரிபாதி. ls காட்டும். cp நகலெடுக்கும். mv நகர்த்தும். rm அழிக்கும். இவ்வளவுதான் அன்றைய எங்கள் கல்வி.

முதல்முறை mv போட்டபோது மெஷின் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த வரியில் போய் நின்றுகொண்டது. நடந்ததா, நடக்கவில்லையா? நான் கையைப் பிசைந்தேன். கிரிஜா சிரித்தாள். "இது எங்க மாவ மாதிரி," என்றாள். மாவ என்றால் மாமனார். "சரியா செஞ்சா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. தப்பு செஞ்சா மட்டும் வாயைத் திறப்பாரு. சும்மா இருக்காருன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம், போ." அது எங்களுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு மெஷின் பேசாமல் இருந்தால், "மாவ கோபத்துல இல்ல" என்று சொல்லிக்கொள்வோம்.

அவளோடுதான் மதியச் சாப்பாடு. அரிசிமாவில் தட்டி அவள் கொண்டுவரும் அக்கி ரொட்டியில் பாதி எனக்கு, என் புளிசாதத்தில் பாதி அவளுக்கு.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெஷினை விற்றவர்கள், இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதனால் எங்கள் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. இன்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று பல இடங்களில் அதுதான் வழக்கம். வசதியாகவும் இருந்தது. யாருடைய கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். மெஷினைப் பொறுத்தவரை நாங்கள் ஏழு பேரும் ஒரே ஆள். ஒன்று நடந்தால் செய்தது யார் என்று அதனால் சொல்ல முடியாது. நம்பிக்கை இருக்கும்வரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் முதல் பெரிய ப்ரோகிராம் வேலை முடிந்து, திங்கட்கிழமை டேப் என்ற காந்த நாடாவில் பதிந்து விமானத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். மெஷினில் இடம் நிரம்பி வழிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் லீடர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: அவரவர் வேலையை ஒரே கோப்பாகக் கட்டி, சுருக்கி, அதன் அளவை என்னிடம் சொல்லுங்கள். பிறகு பழைய பகுதியை அழித்துவிட்டு, கட்டியதை 'ஃபைனல்' டைரக்டரிக்குள் mv செய்துவிட்டுப் போங்கள். டைரக்டரி என்பது கோப்புகளை வைக்கும் அறை. ஃபைனல் என்ற அறை எங்களுக்குப் பழக்கமானதுதான். ஒவ்வொரு மாதமும் செய்து முடித்ததை அங்கேதான் வைப்போம்.

ஒவ்வொருவராக முடித்து, அளவைச் சொல்லி, கிளம்பினார்கள். லீடர் வெள்ளைப்பலகையில் பெயருக்கு எதிரே அளவை எழுதிக்கொண்டார். என் பகுதிதான் பெரியது, கட்டிச் சுருக்கவே நேரம் பிடித்தது. அன்று கணவருக்குக் காலை ஷிஃப்ட், குழந்தையை அவரே அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதனால் பதறாமல் உட்கார்ந்திருந்தேன். லீடரும் போய்விட்டார். கடைசியாக mv அடித்தேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. மாவ கோபத்தில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, கீழே வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, அவர் வீட்டு நம்பரைத்தான் ஆபீஸில் கொடுத்திருந்தேன். "உன் ஆபீஸ்ல இருந்து யாரோ. குரலே சரியில்ல. உடனே வரணுமாம்." கணவர் வேலைக்குப் போயிருந்தார். நித்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

மாடிக்குப் போனபோது எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லா டெர்மினலும் அணைந்திருந்தது. யாரும் எதையும் தொடக்கூடாது என்று லீடர் உத்தரவு போட்டிருந்தார். ஆறு பேரும் இருட்டுத் திரைகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. நின்ற பேச்சு என்னைப் பற்றியது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். உங்களுக்கு ஒருநாள் அப்படி நேராமல் இருக்கட்டும்.

கிரிஜா எழுந்து வந்து நித்யாவை வாங்கிக்கொண்டாள். "பாப்பாவை நான் பார்த்துக்கறேன். நீ சார்கிட்ட போ," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

லீடர் தன் அறையில் இருந்தார். அவருடைய டெர்மினல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நடந்ததை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். காலையில் டேப் எடுக்க வந்தார். ஃபைனலில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஏழு வரி வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி. ஒரே ஒரு கோப்பு. அதன் அளவு, பலகையில் என் பெயருக்கு எதிரே எழுதியிருந்த அளவு. மற்ற ஆறு பேருடைய வேலை இல்லை. அவரவர் இடத்திலும் இல்லை, இடம் வேண்டும் என்று அழிக்கச் சொன்னதே அவர்தான். கடைசியாக டேப்பில் எடுத்து வைத்தது இரண்டு வாரம் பழையது.

"நேத்து கடைசியா போனது யாரு?"

"நான்தான் சார்."

"எப்பவும் முதல்ல போறவங்க நீங்க."

வேலை பெரிது, கணவர் குழந்தையை அழைத்துக்கொண்டார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே சாக்கு மாதிரிக் கேட்டது. அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"புதன்கிழமை லீவு போட்டீங்க. குழந்தைக்கு ஜுரம்னு. ஜுரமா, இன்டர்வ்யூவா?"

புதன்கிழமை நான் வேறு ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பக்கம், ஐந்து மணிக்கு விட்டுவிடுவார்கள் என்பதற்காக. அதை ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருந்தேன். அவர் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்த்தேன். கிரிஜா என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்டர்வ்யூதான் சார்," என்றேன்.

"போறவங்க போகட்டும். நான் யாரையும் கட்டிப் போடறதில்ல. ஆனா போகும்போது மத்தவங்க வேலையைத் துடைச்சிட்டு, உங்களது மட்டும் நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போறது என்ன புத்தி?"

நான் செய்யவில்லை என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம் என்றார். அதன்பிறகு சொன்னதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது.

"அந்தக் கம்பெனிக்காரங்க உங்களைப் பத்தி என்கிட்டதான் கேப்பாங்க. நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

இன்று பெங்களூரில் ஒரு கட்டடத்தில் நடப்பது பக்கத்துக் கட்டடத்துக்குத் தெரியாது. அன்று அப்படியில்லை. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள், ஒரே ஹோட்டலில் காபி குடித்தவர்கள். 'கோப்பைத் துடைத்துவிட்டுப் போனவள்' என்று ஒருவர் சொன்னால் போதும், மறுவாரம் எந்த வாசலிலும் எனக்கு நாற்காலி இருக்காது. வேலை போவது ஒரு பக்கம். அந்தப் பெயரோடு நான் இந்த ஊரில் எப்படி நடமாடுவேன் என்பதுதான் பயமாக இருந்தது.

அழுகை வந்தது. ஆனால் எனக்கு ஒரு சுபாவம் உண்டு. நான் சின்ன வயதிலிருந்தே எதையும் நம்பாதவள். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன். மூடிய கேஸ் சிலிண்டரை மறுபடி தொட்டுப் பார்ப்பேன். வீட்டில் இதற்காக என்னைத் திட்டாதவர்கள் இல்லை. அன்று அந்தச் சுபாவம்தான் வாயைத் திறந்தது. எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: இவர் பார்த்ததாகச் சொல்கிறார், நான் இன்னும் பார்க்கவில்லை.

"சார், ஒரு தடவை நான் பார்க்கட்டுமா?"

"மெஷினை யாரும் தொடக்கூடாது."

"நான் தொடல. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் காரணம் கிடைக்கவில்லை. திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். காலையில் என்ன அடித்தீர்களோ அதையே அடியுங்கள் என்றேன். அடித்தார். விவரங்களோடு காட்டச் சொல்லும் ls -l, பக்கத்தில் ஃபைனல். ஒரு வரி வந்தது. தேதி, நேரம், என் கோப்பின் அளவு, கடைசியில் பெயர். பெயரைப் பார்த்தேன். ஃபைனல்.

"இது என் கோப்போட பேர் இல்லையே சார். நான் வேற பேர்லதானே கட்டினேன்."

"மாத்தியிருப்பீங்க."

"ஏன் சார் மாத்தணும்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டேன். "ஃபைனலுக்கு உள்ளே பார்க்க வேணாம் சார். வெளியே நின்னு பாருங்க. அந்த இடத்துல இருக்கற எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க."

அடித்தார். வரிசையாக வந்தது. ஜெராக்ஸ் பக்கத்தில் நாங்கள் படித்து மறந்துபோன ஒரு சின்ன விஷயம் உண்டு. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அது என்ன வகை என்று சொல்லும். அறையாக இருந்தால் d. வெறும் கோப்பாக இருந்தால் ஒரு சிறு கோடு. அங்கே இருந்தவை எல்லாம் டைரக்டரிகள், மேலிருந்து கீழே d, d, d என்று தூண் மாதிரி நின்றது. ஒரே ஒரு வரியில் மட்டும் கோடு. அந்த வரியின் கடைசியில் பெயர்: ஃபைனல்.

எனக்கு உடனே விளங்கவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். மறுபடியும் கோடுதான்.

"சார், ஃபைனலுக்குள்ள போங்க."

cd ஃபைனல் என்று அடித்தார். அப்போது மெஷின் வாயைத் திறந்தது. அது டைரக்டரி இல்லை என்றது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். mv என்பது நகர்த்தும் கட்டளை மட்டுமில்லை, பெயர் மாற்றும் கட்டளையும் அதுதான். நீங்கள் சொல்லும் பெயரில் ஒரு அறை இருந்தால் கோப்பை உள்ளே வைக்கும். அப்படி ஒரு அறையே இல்லையென்றால் குறை சொல்லாது. அந்தப் பெயரைக் கோப்புக்குச் சூட்டிவிட்டுப் பேசாமல் நின்றுகொள்ளும். வெள்ளிக்கிழமை அங்கே ஃபைனல் என்ற அறை இல்லை. முதலில் கிளம்பியவருடைய வேலைக்கு ஃபைனல் என்று பெயர் வந்தது. இரண்டாமவர் mv போட்டபோது அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு அவருடையது அங்கே உட்கார்ந்தது. வேறு ஆளின் கோப்பு என்றால் மெஷின் ஒருவேளை தயங்கி ஒரு கேள்வி கேட்டிருக்கும். நாங்கள்தான் ஏழு பேரும் ஒரே ஆளாயிற்றே. தன் கோப்பைத் தானே மாற்றிக்கொள்கிறவரை அது ஏன் கேட்கப் போகிறது? ஒவ்வொருவரும் முன்னால் போனவரின் வேலையை அழித்துவிட்டு, மாவ பேசவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருக்கிறோம். கடைசியில் வந்தது நான். எனக்குப் பின்னால் அழிக்க ஆள் இல்லை. அதனால் மிஞ்சியது என்னுடையது.

இதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன். "பழைய ஃபைனல் எங்கே போச்சு சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷனுக்குத் திடீரென்று விஷயம் விளங்கினால் முகத்தில் ஏதாவது நடக்கும். புருவம் உயரும், வாய் திறக்கும். அவர் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே அவருக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டேதான் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றாரா? அல்லது அவர் முகமே அப்படித்தானா? எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது.

"சரி, திங்கட்கிழமை வாங்க," என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து மற்றவர்களிடம், மெஷினில் ஒரு கோளாறு என்று சொன்னார். வாடிக்கையாளரிடமும் போனில் அதையே சொல்லி ஒரு வாரம் கேட்டார். நல்லவேளையாக எல்லோரிடமும் அகலத் தாளில் அச்சிட்ட பிரதிகள் இருந்தன. அடுத்த வாரம் முழுக்க அவற்றைப் பார்த்து மறுபடி அடித்தோம். என் வேலை பத்திரமாக இருந்ததால் நான் மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னேன். எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். ஒருவர் மைசூர்பாகு வாங்கிவந்தார். உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வியாழனோ வெள்ளியோ, கிரிஜாவுக்கு நான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தட்டச்சை நிறுத்தாமலே, பேச்சுவாக்கில் சொன்னாள். "பழைய ஃபைனலை சார்தான் எடுத்தாரு. போன வாரம் புதன்கிழமை. இடமில்லன்னு எடுத்துட்டேன், புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரே. போட மறந்துட்டாரு போல."

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். புதன்கிழமை. நான் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்த நாள். ஃபைனல் எடுக்கப்பட்டுவிட்டது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்த ஆறு பேரும் சனிக்கிழமை காலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சனிக்கிழமை ஏன் இதைச் சொல்லல?"

கிரிஜாவின் விரல்கள் நின்றன. "கொத்தில்லா," என்றாள். தெரியாது. பிறகு தமிழில் சொன்னாள். "நீதான்னு ஆயிட்டப்புறம் வேற எதுவும் ஞாபகம் வரல."

அவள் பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஒருத்தியோடு சண்டை போட்டு முடித்திருக்கலாம். ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே விஷயம் ஞாபகம் வராமல் போனால் யாரோடு சண்டை போடுவது? அல்லது ஆறில் ஒருவருக்காவது ஞாபகம் வந்து, லீடருக்கு எதிராக எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாரா? ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்திருக்கிறேன். சில வருஷம் ஒருவர் என்று நினைத்தேன், பிறகு இன்னொருவர்.

என் நேர்முகத் தேர்வைப் பற்றி லீடரிடம் சொன்னது யார் என்று கிரிஜாவிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அக்கி ரொட்டி தொடர்ந்து வந்தது. நான்தான் வயிறு சரியில்லை, விரதம் என்று ஏதேதோ சொன்னேன். அடுத்த மாதம், அந்த நேர்முகத் தேர்வு நடந்த இந்தக் கம்பெனியில், உங்கள் கம்பெனியில், வந்து சேர்ந்தேன். லீடர் என்னைப் பற்றி இங்கே என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாது. சேர்ந்த புதிதில் எனக்கு எதையும் அழிக்கும் உரிமை தராமல் வெகுநாள் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்கள். நான் நம்பவில்லை. பிறகு எனக்கே அந்த உரிமைகளைக் கொடுக்கும் பொறுப்பு வந்தது. அப்போதும் முழுசாக நம்பவில்லை.

இதில் கட்டளைக்கான பாடம் எளிது. மெஷின் பேசாமல் இருந்தால் நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். என்ன நடந்தது என்று அது சொல்லாது. போய்ப் பாருங்கள். இதை உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இன்னொன்றைக் கற்றுக்கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதற்காகத்தான் கடைசியாக ஒன்றைச் சொல்கிறேன். சொல்லலாமா என்று நித்யாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த நித்யா இப்போது பொறியியல் முடித்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நான் வேலையை விட்டதற்கு ஊருக்குச் சொல்லும் காரணம் முதுகுவலி. உண்மையில், அவள் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்றாவது ஒருநாள் அவள் உள்ளே நுழையும்போது பேச்சு நின்றுவிடுமோ என்ற பயம். தினமும் அவளைக் குடைவேன். லாகினை யாருக்காவது கொடுத்தாயா, கடைசியாகக் கிளம்பியது யார், யாரோடு சாப்பிட்டாய். "அம்மா, நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்," என்பாள்.

ஒருநாள் மதியம் அவளே போன் செய்தாள். ஏதோ நடந்துவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது. எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் இடத்திலிருந்து ஒரு டைரக்டரி முழுசாகக் காணவில்லை என்றாள்.

"உன்னைக் கேட்டாங்களா?"

"என்னை ஏன்மா கேக்கணும்? கூட ஒரு பையன் இருக்கான், அவன்தான்னு எல்லாரும் சொல்றாங்க. பேப்பர் போட்டுட்டான், இந்த மாசத்தோட போறான்."

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவன் நம்ம போட்டி கம்பெனிக்குப் போறான்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொன்னேன். என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தான். உண்மைதானே அது."

இத்தனை வருஷம் நான் காவல் காத்தது தப்பான வாசலில் என்று அப்போதுதான் தெரிந்தது. இவளை யாராவது சந்தேகப்படுவார்களோ என்றே பயந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம், பிஸ்கட் ஊட்டிக்கொண்டு, இவளும் ஒருநாள் உட்காரக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த டைரக்டரியைப் பற்றிப் போன வாரம் யாராவது ஏதாவது சொன்னார்களா, நன்றாக யோசி என்றேன். யோசித்தாள். இடம் மாற்றப்போவதாக ஒரு மெயில் வந்த ஞாபகம் இருக்கிறது, சரியாகப் படிக்கவில்லை என்றாள். போய் அதை மேனேஜரிடம் இப்போதே சொல் என்றேன். மெயிலையே ஒழுங்காகப் படிக்காமல் அவரிடம் போய் என்ன சொல்வது, இதில் நான் ஏன் தலையிட வேண்டும் என்றாள். பிறகு, "நீ எப்பவும் இப்படித்தான்மா," என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதை நான் நம்புவதில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

"போய்ச் சொன்னியா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட? மேனேஜர்கிட்டயா? அந்தப் பையன் அங்க இருந்தானா? டைரக்டரி கிடைச்சதா?"

"இடம் மாத்தியிருக்காங்க. கிடைச்சிடுச்சு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "அவன் என்கிட்ட வந்து கேட்டான்மா. நான் போறதை நீதான் அவர்கிட்ட சொன்னியான்னு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன்னு சொன்னேன்."

கிரிஜா ஒருமுறை அப்படிச் சொல்லியிருந்தால் நான் அக்கி ரொட்டியில் பாதியை மறுபடி வாங்கிச் சாப்பிட்டிருப்பேன். அவன் என்ன பதில் சொன்னான், மன்னித்தானா, நாளைக்கு இவளோடு பேசுவானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ரசத்தை ஊற்றினேன். அன்று ராத்திரி அதற்குமேல் நான் எதையும் சரிபார்க்கவில்லை.